கூரைக் கம்பியும் நண்டு முன்பணமும்: வீடு சீரமைக்கக் கடன் எடுத்த ஒரு குடும்பம்

மண்டபத்தை ஒட்டிய பாக் நீரிணைக் கரையில் உள்ள ஒரு சின்ன மீனவர் ஊரில் நடந்தது இது. அந்தப் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். 2023 நவம்பரில் தொடங்கி 2025 கடைசி வரை ஒரு குடும்பம் தன் வீட்டுக் கூரைக்காகக் கடன் தேடி, எடுத்து, அடைத்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பேரும் ஊரும் வேண்டாம் என்றார்கள்.

பின்னணி

வீட்டுக்காரருக்கு அப்போது 47 வயது. சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளமும் நண்டு வலையும் உண்டு. மச்சானோடு தொழிலுக்குப் போவார். செலவு போக வருவதை மூன்று பங்காகப் பிரிப்பார்கள்: வள்ளத்துக்கும் வலைக்கும் ஒன்று, ஆளுக்கு ஒன்று. ஆக அவருக்கு இரண்டு பங்கு. அவர் மனைவி கருவாடு வாங்கி விற்பவர், எங்கள் குழுவில் ஒன்பது ஆண்டுகளாக உறுப்பினர். மகன் திருப்பூரில் வேலை பார்த்து மாதம் 5,000 ரூபாய் அனுப்பினான். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கூடவே வயதான மாமியார்.

வீடு 2006இல் கட்டியது, 480 சதுர அடி கான்கிரீட் கூரை. அன்று நல்ல தண்ணீர் வாங்கக் காசில்லாமல், ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து உப்புக்காற்று, உள்ளே கலவையிலேயே உப்பு. கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும், கூடினால் சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடலோரத்தில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

2023 நவம்பர் மழையில் ஒருநாள் காலை, மாமியார் படுக்கும் கட்டிலின் மேல் கூரைத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அவர் முகம் கழுவப் போயிருந்த நேரம். அந்தத் துண்டை மருமகள் முந்தானையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். கையகலம், இரண்டு விரல் கனம். ஒரு பக்கத்தில் கம்பி இருந்த தடம் செம்பழுப்பாகப் பதிந்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது.

என்னிடம் வருவதற்கு முன்

துண்டு விழுந்த வாரமே ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறார்கள். கூரையை மொத்தமாக இடித்துப் புதிதாகப் போட வேண்டும், கையோடு தரைக்கு டைல்ஸ், முன்பக்கம் ஒரு போர்டிகோ, எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ஆகும் என்றார் அவர். மகளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். அந்த எண்ணம் உள்ள வீட்டில் டைல்ஸ் ஆசை வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைக்கு மேல் இருந்த ஆபத்தும் காலுக்குக் கீழ் இருந்த ஆசையும் அந்த நாலு லட்சத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதைப் பிரித்துப் பார்க்க இரண்டு மாதம் ஆனது.

டிசம்பரில் ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் வீடு தேடி வந்து வீட்டுச் சீரமைப்புக் கடன் தருவதாகச் சொன்னார். 4 லட்சம், 7 ஆண்டு, குறையும் அசலுக்கு 19 விழுக்காடு மாறாத வட்டி, மாதத் தவணை 8,643 ரூபாய். விண்ணப்பக் கட்டணமாக 3,540 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம்தான் பத்திரம் கேட்டார்கள். இடம் காலமான மாமனார் பேரில் நத்தம் பட்டாவில் இருக்கிறது, வாரிசுகள் ஐந்து பேர். ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் தொண்டியில் கட்டிக்கொடுத்த நாத்தனார் மறுத்துவிட்டார். அவர் பயமும் நியாயமானதுதான்: தம்பி தவணை கட்டத் தவறினால் தன் பங்கும் சேர்ந்துதானே போகும். அக்கா தம்பிக்குள் பேச்சு நின்றது, கட்டின பணமும் திரும்பவில்லை.

இந்த நிலையில்தான் 2024 ஜனவரியில் என்னிடம் வந்தார்கள்.

கவனித்தவை

கடனைப் பற்றிப் பேசுமுன் கூரையை இன்னொருவர் பார்க்கட்டும் என்றேன். ராமநாதபுரத்திலிருந்து கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்தார், 1,500 ரூபாய் கட்டணம். சின்னச் சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் டங்கென்று கேட்டது, உள்ளே விட்டுப்போன இடத்தில் டொப்பென்று. அந்த இடங்களைக் கரித்துண்டால் வட்டமிட்டார். முன்னறையும் அடுப்படியும் வெளிப்பக்க சன்ஷேடும் மோசம், பின்னறை பரவாயில்லை. இடிக்க வேண்டாம், கெட்டதைக் கொத்தி எடுத்துச் சரிசெய்யலாம், 1,45,000க்குள் முடியும் என்றார். ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் பின்னால் துரு கிளம்பலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த 1,500 ரூபாய்தான் இந்தக் கணக்கிலேயே நல்ல செலவு என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து, போன பன்னிரண்டு மாதம் வீட்டுக்கு வந்த காசை எழுதச் சொன்னேன். மனைவி கருவாட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். ஐந்து மாதம் 20,000க்கு மேல். விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும் அதில் அடக்கம். அந்த நாட்களில் மீன்வரத்து குறைவதால் வள்ளத்துக்காரருக்கு நல்ல விலை. நாலு மாதம் 10,000இலிருந்து 15,000. கடலில் இறங்க விடாமல் கச்சான் காற்று அடித்த மாதங்களும் புயல் எச்சரிக்கையில் கரையிலேயே கிடந்த மாதமும் சேர்ந்து மூன்று மாதம் 6,000கூட இல்லை. அந்த மூன்று மாதத்தில் 8,643 ரூபாயை எங்கிருந்து எடுப்பது? வருஷக் கூட்டுத்தொகையைப் பார்த்தால் தவணை கட்டிவிடலாம் போலத்தான் தெரியும். மாதம் மாதமாகப் பிரித்து எழுதினால்தான் பள்ளம் தெரிகிறது.

கையில் இருந்த வழிகள்

வங்கியில் வீட்டுப் பழுதுபார்ப்புக் கடனுக்குச் சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ கேட்டார்கள். இரண்டும் இல்லை, பட்டாவும் பேரில் இல்லை. அது அங்கேயே முடிந்தது. மீனவர்களுக்கான கிசான் கிரெடிட் கார்டு தொழில் செலவுக்குத்தான், வீட்டுக்கு ஆகாது.

ஊரில் ஒருவர் ஒரு லட்சம் தர முன்வந்தார், "ஒரு வட்டிதான்" என்று. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், இரண்டு வருஷம், மாதம் 5,167. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் வட்டி போட்டது கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும். நாம் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது வருஷத்துக்குச் சுமார் 21.6 விழுக்காடு, கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் வட்டி. குழுவில் ஒரு வட்டி என்றால் மிச்ச அசலுக்கு மட்டும்தான். பேர் ஒன்று, காசு வேறு.

குழுக் கடன் மனைவிக்கு 60,000 வரை கிடைக்கும். 20 மாதம், மாதம் 3,000 அசல், மிச்சத்துக்கு ஒரு வட்டி. முழுசும் அடைக்கும்போது வட்டி 6,300 ரூபாய்தான் வரும்.

நகைக்கடன் 11 விழுக்காடு. நாலு பவுனில் கல்லும் கழிவும் போக 30 கிராம் நிற்கும், 1,20,000 வரை தருவோம் என்றார்கள். ஒரு வருஷத் தவணை, இடையில் எப்போது வேண்டுமானாலும் எவ்வளவும் கட்டலாம். மகளுக்கென்று எடுத்து வைத்த நகை அது. அதை வைக்க அம்மாவுக்கு மனசே வரவில்லை, இரண்டு நாள் பேசவில்லை.

கடைசியாக நண்டு வியாபாரி. 1,50,000 முன்பணம் தருகிறேன், வட்டியே வேண்டாம் என்றார். வீட்டுக்காரருக்கு இதில்தான் மனம் போனது.

மறைந்திருந்த 35,000

ஏன் அதிலேயே நிற்கிறார் என்பது எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஒருநாள் சாயங்காலம் வலையில் நண்டு கழித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "ஏற்கனவே கிலோவுக்கு முப்பது ரூவா விட்டுக் குடுத்துக்கிட்டுதானே இருக்கேன் தங்கச்சி. இன்னும் ஒண்ணரை லட்சம் வாங்குனா அதுக்குன்னு கூட என்ன போகப்போகுது?"

மனைவி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருஷம் முந்தி இன்ஜின் பழுதுக்கு அந்த வியாபாரியிடம் வீட்டுக்காரர் 35,000 வாங்கியிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. அன்றிலிருந்து நண்டு முழுவதும் அவருக்கே, வெளி விலையைவிடக் கிலோவுக்கு 30 ரூபாய் குறைத்து. இதை அவர் கடனாகவே நினைக்கவில்லை. பழக்கம், உதவி என்றுதான் நினைத்திருந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதம் சராசரி 15 நாள் தொழில், நாளுக்கு 10 கிலோ, ஆக 150 கிலோ. கிலோவுக்கு 30 என்றால் மாதம் 4,500 ரூபாய் வள்ளத்துக்கு வராமல் போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு, கடனே வாங்காத மச்சானுடையது. 35,000க்கு மாதம் 4,500 என்பது கிட்டத்தட்ட 13 வட்டி. இத்தனை கொடுத்தும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அவர் சொன்னதிலும் ஒரு கணக்கு இருந்தது, மறுக்க முடியாது. மேலே ஒண்ணரை லட்சம் வாங்கினால் மொத்தம் 1,85,000க்கு அதே 4,500, அதாவது சுமார் இரண்டரை வட்டி. வட்டி இறங்குவதுபோல் தெரியும். ஆனால் 35,000ஐயே மூன்று வருஷத்தில் திருப்ப முடியாதவர் 1,85,000ஐ எப்போது திருப்புவார்? விலை சொல்லும் உரிமை ஆயுசுக்கும் வியாபாரி கையில் போய்விடும். இதைக் கேட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. மனைவிதான் சொன்னார், "நகையை வச்சுரலாம்க்கா."

எடுத்த முடிவும் காரணமும்

நாலு லட்ச வேலை கைவிடப்பட்டது. டைல்ஸும் போர்டிகோவும் பிறகு. கூரை மட்டும் இப்போது.

பணம் மூன்று இடத்திலிருந்து வந்தது: நகைக்கடன் 1,00,000, குழுக் கடன் 60,000, கையிருப்பு 25,000. மொத்தம் 1,85,000. அதில் முதல் செலவு கூரைக்கு இல்லை, வியாபாரிக்கு 35,000. மிச்சம் 1,50,000 கூரைக்கு.

இரண்டு கடனாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. மாதம் தவறாமல் கட்ட வேண்டிய குழுத் தவணையை, மாதம் தவறாமல் வரும் மகனுடைய பணத்தோடு கோத்துவிட்டோம். முதல் மாதத் தவணை 3,600, பிறகு குறைந்துகொண்டே போகும். அவன் அனுப்பும் 5,000க்குள் அடங்கும். கடல் காசுக்கு நாள் கிழமை கிடையாது. அதனால் அதற்கு நகைக்கடன்: நண்டு பட்ட மாதத்தில் அசல் கட்டுவது, கச்சானில் வட்டி மட்டும் கட்டுவது. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் நகைக்கடனையே 1,20,000 வரை முழுசாக எடுத்திருக்கலாம். ஆனால் நகை முழுவதும் உள்ளே போனால் அடுத்த ஆபத்துக்கு வீட்டில் ஒன்றும் மிஞ்சாது.

நாத்தனார் கையெழுத்து தேவைப்படாத வழியாகவும் இது அமைந்தது. அந்த மனஸ்தாபம் தணிய அது உதவியது.

வேலை நடந்த விதம்

2024 பிப்ரவரி கடைசியில் தொடங்கி 17 நாள். கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்தார்கள், துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள், மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தார்கள், துருத்தடுப்புப் பூச்சு அடித்துப் பாலிமர் கலந்த கலவையால் மூடினார்கள். கலவைக்கு லாரியில் நல்ல தண்ணீர் வாங்கினோம்.

ஒரு தப்பு நடக்க இருந்தது. கலவையை நல்ல தண்ணீரில் போட்டுவிட்டு, மறுநாள் காலை பூச்சை நனைக்கக் கொத்தனார் கிணற்றுத் தண்ணீரை இறைத்தார். "நனைக்கத்தானே, எந்தத் தண்ணியா இருந்தா என்ன" என்றார். ஈரக் கலவை அந்த உப்பைக் குடித்துவிடும். வாளியில் விரல் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து மனைவிதான் நிறுத்தினார். ஏழு நாளும் நல்ல தண்ணீரில் நனைத்ததில் இன்னொரு லாரி வாங்க வேண்டியதாயிற்று.

சன்ஷேடைக் கொத்தியபோது உள்ளே கம்பியே இல்லை, துரு மட்டும் இருந்தது. அதனால் 13,000 கூடி 1,58,000இல் முடிந்தது. பற்றாக்குறையான 8,000ஐ மகன் அனுப்பினான்.

பின்பு நடந்தவை

வியாபாரியின் கடனைத் திருப்பிய மறுநாளிலிருந்து நண்டு வேறு கம்பெனிக்குப் போனது. விலை கிலோவுக்கு 25, 30 ரூபாய் கூடவே கிடைத்தது. ஆனால் பழைய வியாபாரி செய்துகொண்டிருந்த வேறொன்று நின்றுபோனது. தொழில் இல்லாத நாளில் டீசலுக்குக் காசு, வலை போனால் வலைக்குக் காசு, ராத்திரி போய் நின்றாலும் தருவார். ஜூனில் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கிய முதல் வாரத்தில், போட்டு வைத்த வலையை ஒரு படகு இழுத்துக்கொண்டு போய்விட்டது. புது வலைக்கு 12,000. நகைக்கடனுக்கு வைத்திருந்த காசு அதற்குப் போனது. அடுத்த இரண்டு மாதம் அசல் கட்டவில்லை.

ஆகஸ்டில் மகனுக்கு வேலை மாறியதில் இரண்டு மாதம் பணம் வரவில்லை. ஒரு தவணையைக் கருவாட்டுக் காசில் கட்டினார்கள், இன்னொன்று பத்து நாள் பிந்தி, 50 ரூபாய் அபராதத்தோடு. குழுவில் யாரும் வாசலில் வந்து சத்தம் போடவில்லை.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மண்டபம் பக்கமும் பேய்மழை. முன்னறையும் அடுப்படியும் ஒழுகவில்லை. தொடாமல் விட்ட பின்னறை மூலையில் ஈரக்கறை படிந்தது.

2025 பிப்ரவரியில் நகைக்கடன் கெடு. அதற்குள் அசலில் 62,000 கட்டியிருந்தார்கள். அதில் ஏறக்குறைய பாதி, நண்டு விலையில் மீட்ட அந்த முப்பது ரூபாய். மீதி 38,000. வட்டியைக் கட்டி ஒரு வருஷத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் முன்பே சொல்லியிருந்தேன். போனால், முழு அசலையும் கட்டி நகையை மீட்ட பிறகுதான் மறுபடி வைக்க முடியும் என்றார்கள். நடைமுறை மாறியிருந்தது, நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அதே நாளில், பக்கத்தில் நின்ற ஒருவர் இரண்டு லட்ச அசலில் ஒரு ரூபாயும் குறைக்காதவர். வெளியே நின்ற ஒரு வட்டிக்காரரிடம் ஒருநாள் கடன் வாங்கி மீட்டு, மறுபடி வைத்து, அதற்குத் தனியாகக் காசு அழுதுவிட்டுப் போனார். இவர்களுக்கு 38,000தான் என்பதால் தப்பித்தார்கள். கையில் 18,000 இருந்தது, குழு சேமிப்பிலிருந்து அவசரக் கடனாக 20,000. சங்கிலி அன்றே வீட்டுக்கு வந்தது. நகைக்கடனுக்கு ஒரு வருஷத்தில் கட்டிய வட்டி சுமார் 7,600 ரூபாய்.

குழுக் கடன் 2025 அக்டோபரில் முடிந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் நாளே கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்து, "வட்டி இல்லாமல் யாரிடமாவது வாங்கியிருக்கிறீர்களா" என்று கேட்டிருக்க வேண்டும். "கடன் இருக்கிறதா" என்று கேட்டேன், இல்லை என்றார். அவர் சொன்னது அவரளவில் உண்மை. இப்போது எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வியை அப்படித்தான் கேட்கிறேன்: மீனை யாருக்குப் போடுகிறீர்கள், ஏன் அவருக்கே போடுகிறீர்கள்?

நகைக்கடன் எடுக்கும் அன்றே, கெடு நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவேன். 2024 அக்டோபர் 1 முதல், வட்டியும் எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு விழுக்காடு என்று காட்டும் முக்கிய விவரத் தாளைச் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தத் தாளைப் பார்க்காமல் விண்ணப்பக் கட்டணம் கொடுக்க வேண்டாம் என்று இப்போது குழுவில் சொல்லி வருகிறோம்.

பெரிய குறை இன்னொன்று. வியாபாரியை விட்டு வருவதற்கு முன்பே, டீசலுக்கும் வலைக்கும் அவர் இடத்தில் வேறு எது வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய அந்தக் கிசான் கிரெடிட் கார்டு இதற்குத்தான். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் இல்லாமல் தரலாம் என்று வரம்பையும் உயர்த்தியிருக்கிறார்கள். ஜூனில் வலை போனபோது அது கையில் இருந்திருந்தால் நகைக்கடன் அசல் இரண்டு மாதம் நின்றிருக்காது. விண்ணப்பம் இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள்.

பின்னறைக் கூரை பாக்கி இருக்கிறது. பட்டாவை வாரிசுகள் பேருக்கு மாற்ற, தொண்டி நாத்தனார் பொங்கலுக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். டைல்ஸ் இன்னும் போடவில்லை.